என் காப்புரிமையை வழக்குப் போடுவதற்காக விற்கலாமா?

கேள்வி: எடைமேடைக்காரன், காவேரிப்பட்டணம்

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்தில் சிறிய பட்டறை ஒன்றை நடத்திவருகிறேன். எடை மேடை இண்டிகேட்டர்களை (எடையை எண்ணில் காட்டும் பெட்டிகளை) பழுது பார்ப்பதில் தொடங்கிய தொழில் இது. இப்போது மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கும் மண்டிகளுக்கும் எடை மேடை மென்பொருள் எழுதித் தருவதே எங்களுக்குச் சோறு போடுகிறது. என் பெயரில் ஒரு காப்புரிமை (பேட்டன்ட்) இருக்கிறது. அதை வைத்து வழக்குப் போடுவது முறையா என்பதுதான் என் கேள்வி. சட்டப்படி முடியுமா என்று நான் கேட்கவில்லை. முடியும் என்று இரண்டு வழக்கறிஞர்கள் சொல்லிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். மாம்பழ சீசனில் தோத்தாபுரி ஏற்றிய வண்டிகள் விடிய விடிய வரிசையில் நிற்கும். முதலில் லோடு எடை, பழத்தை இறக்கிய பின் காலி எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பணம். காலி எடை போடும்போது பின் சக்கரத்தைப் பாதி மேடையிலும் பாதி சரிவிலுமாக நிறுத்திவிட்டால் வண்டியின் எடை குறைவாகக் காட்டும். பழத்தின் எடை அந்த அளவுக்குக் கூடிவிடும், நட்டம் தொழிற்சாலைக்கு. இதையே லோடு எடையின்போது செய்தால் நட்டம் விவசாயிக்கு. இரண்டையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேடைக்கு அடியில் எடையை உணரும் லோடு செல்கள் ஆறு அல்லது எட்டு இருக்கும். வழக்கமான இண்டிகேட்டர் அவற்றின் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும். நான் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே படித்து, வண்டி ஏறும்போது எடை ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு நகரும் விதத்தைக் கணக்கிட்டு, வண்டியின் கடைசிச் சக்கர அச்சு முழுவதுமாக மேடைக்கு வரவில்லை என்றால் சீட்டே அச்சாகாதபடி செய்தேன். 2014இல் விண்ணப்பித்தேன், 2019இல் காப்புரிமை கிடைத்தது. வெறும் கணினி நிரல் என்றால் நம் நாட்டில் தள்ளிவிடுவார்கள் என்பதால், லோடு செல்லோடு இணைந்த முறையாகத்தான் எழுத வேண்டும் என்று காப்புரிமை முகவர் பிடிவாதமாக இருந்தார். அந்த ஐந்து ஆண்டுகளில் அவருக்கும் எனக்கும் நடந்த சண்டைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

இப்போது இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. சேலத்தில் எங்களுக்கு முன்பு டீலராக இருந்தவர் அதே முறையைத் தன் பெயரில் விற்கிறார். அவருடைய திரையில் "வண்டியை முன்னே நகர்தவும்" என்று ஓர் அறிவிப்பு வருகிறது. அந்தப் பிழை என்னுடையது. முதல் பதிப்பில் ஓர் ஒற்றெழுத்தை விட்டிருந்தேன், பின்னர் திருத்தினேன். அவர் திருத்தவில்லை.

இரண்டாவது, பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து காப்புரிமையை விலைக்குக் கேட்கிறார். பதினெட்டு லட்சம் முன்பணம், வசூலாகும் தொகையில் கால் பங்கு. கிருஷ்ணகிரி, தருமபுரி, சித்தூர் பகுதிகளில் இதுபோன்ற மென்பொருளை எழுதுபவர்கள், பயன்படுத்தும் மண்டிக்காரர்கள் என நாற்பத்தொரு பெயர்கள் கொண்ட பட்டியல் அவரிடம் தயாராக இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் அனுப்பி இரண்டரை லட்சம் கேட்பாராம். "இவர்களில் ஒருவர்கூட கோர்ட்டுக்கு வரமாட்டார், அதுதான் சார் கணக்கு" என்று என் பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார். பட்டறையின் மேல் வங்கிக் கடன் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சேலத்துக்காரர் மீது வழக்குப் போடலாம் என்று என் மனம் ஒப்புகிறது. என் மென்பொருளைக் கண்ணால்கூடப் பார்க்காமல் தானாகவே அதே வழிக்கு வந்தவர் மீது போடலாமா? காசு கொடுத்து இயந்திரம் வாங்கியதைத் தவிர வேறெதுவும் செய்யாத மண்டிக்காரர் மீது? நானே வழக்குப் போடுவதற்கும், போடுவதற்கென்றே வந்து நிற்பவரிடம் விற்பதற்கும் வேறுபாடு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பென்னாகரத்தான்

ஐயா, வணக்கம். நான் அப்படியொரு நோட்டீஸைக் கையில் வாங்கியவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

தருமபுரி மாவட்டத்தில் சில பால் சேகரிப்பு நிலையங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். பாலின் அளவும் கொழுப்பு அளவும் பதிவானவுடன் உற்பத்தியாளரின் கைப்பேசிக்கு எஸ்.எம்.எஸ். போகும், அவ்வளவுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் பதிவுத் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. நான் வெளியூரில் இருந்ததால் அம்மா கையெழுத்திட்டு வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பதினான்கு பக்கம், முழுவதும் ஆங்கிலம். அளவுக் கருவியிலிருந்து தகவலை எடுத்துச் செய்தியாக அனுப்பும் முறைக்குத் தங்களிடம் காப்புரிமை இருப்பதாகவும், ஏழு நாட்களுக்குள் மூன்று லட்சம் தர வேண்டும் என்றும், இல்லையேல் வழக்கு என்றும் எழுதியிருந்தார்கள். என்னுடைய மென்பொருளின் எந்தப் பகுதி அவர்களுடைய எந்த உரிமைக் கோரிக்கையை (காப்புரிமை ஆவணத்தில் எது தமக்கு உரியது என்று சொல்லும் பகுதியை) மீறுகிறது என்று அந்தப் பதினான்கு பக்கத்திலும் ஒரு வரி இல்லை.

சென்னையில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். "நீங்கள் ஜெயிக்க வாய்ப்பிருக்கிறது, ஆனால் ஜெயிப்பதற்கு ஆகும் செலவு அவர்கள் கேட்பதைவிட அதிகம்" என்றார். எண்பதாயிரத்துக்குப் பேசி முடித்தோம். யார் என்று வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. பணம் போனதைவிட, மூன்று மாதம் எஸ்.எம்.எஸ். வசதியை நிறுத்திவைத்த காலத்தில் பால் ஊற்ற வருபவர்கள் "என்னப்பா, அளவில் ஏதாவது கோளாறு செய்கிறீர்களா?" என்று கேட்டதுதான் என்னை அதிகம் வருத்தியது. அந்தக் கேள்வி வராமல் இருப்பதற்காகத்தானே அந்த வசதியையே செய்தேன்.

ஆகவே என் கருத்து: சேலத்துக்காரர் மீது தாராளமாகப் போடுங்கள். மற்ற நாற்பது பேரையும் விட்டுவிடுங்கள். அந்தப் பெங்களூர்க்காரர் சொன்ன கணக்கு என்னைப் போன்றவனைத்தான் குறிக்கிறது.

பதில் 2: ஓசூர் பொறியாளர்

முந்தைய நண்பருக்கு நடந்தது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஓர் அனுபவத்தை வைத்து, வழக்குப் போடுவதே இழிவான செயல் என்ற முடிவுக்கு இங்கே எல்லோரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஓசூர் சிப்காட்டில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

சிறியவனிடம் வேறு என்ன ஆயுதம் இருக்கிறது? அமெரிக்காவில் ஸ்டாக் என்ற சிறிய நிறுவனம், கணினி வட்டில் உள்ள தகவலைச் சுருக்கிச் சேமிக்கும் மென்பொருளை விற்றுவந்தது. மைக்ரோசாஃப்ட் அதனுடன் உரிமம் பற்றிப் பேச்சுவார்த்தை நடத்திவிட்டு, பேச்சு முறிந்தபின், அதே வேலையைச் செய்யும் வசதியை எம்.எஸ்.டாஸ் 6இல் தானே சேர்த்துக்கொண்டது. 1994இல் நடுவர் குழு ஸ்டாக்குக்கு 12 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த ஐ4ஐ நிறுவனம் எக்ஸ்.எம்.எல். ஆவணங்களைத் திருத்தும் முறைக்கான காப்புரிமையை வைத்து மைக்ரோசாஃப்டின் வேர்டு மென்பொருளை எதிர்த்து நின்றது. ஏறத்தாழ 29 கோடி டாலர் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதிசெய்தது. இவர்கள் "வழக்குப் போடுவது பண்பாடு ஆகாது" என்று ஒதுங்கியிருந்தால் யாருக்கு நன்மை?

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. மென்பொருள் அல்ல, இன்ஜின். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். ஃபிளேம் என்ற வண்டியைக் கொண்டுவந்தபோது, இரட்டை ஸ்பார்க் பிளக் அமைப்பு தங்களுடைய காப்புரிமையை மீறுகிறது என்று பஜாஜ் சொன்னது. அந்தப் பேச்சே ஆதாரமற்ற மிரட்டல் என்று 2007இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முதலில் போனது டி.வி.எஸ். பிறகு பஜாஜும் மீறல் வழக்குப் போட்டது. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை விதித்தார். 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விற்பனைக் கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டு விற்கலாம் என்று சொல்லி, இத்தகைய வழக்குகளை நாள்தோறும் விசாரித்து விரைந்து முடிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் அசல் வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, கடைசியில் சமரசத்தில்தான் முடிந்தது. இரண்டு பக்கமும் பெரியவர்கள் என்பதால் தாங்கினார்கள். காவேரிப்பட்டணத்துப் பட்டறை ஒன்றால் அத்தனை ஆண்டுகள் தாங்க முடியுமா? முடியாது என்றால், தாங்கக்கூடிய ஒருவரிடம் விற்பதில் என்ன தவறு? சொந்தமாகப் பயிர் செய்ய வசதி இல்லாதவர் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதை நாம் குற்றமாகப் பார்ப்பதில்லையே.

தானாகவே கண்டுபிடித்தவர் என்ற வாதமும் எனக்கு முழுவதும் உடன்பாடில்லை. காப்புரிமை வெளியிடப்பட்ட ஆவணம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் படிக்கலாம். தேடாமல் இருந்தது அவர்களுடைய பிழை.

பதில் 3: தருமபுரி வழக்கறிஞர்

கேள்வி கேட்டவர் சட்டம் வேண்டாம் என்று சொன்னாலும், சட்டம் எங்கே நிற்கிறது என்பது தெரிந்தால்தான் நியாயம் எங்கே தொடங்குகிறது என்பது தெளியும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சேலத்து டீலர். திரையில் உங்கள் எழுத்துப்பிழை அப்படியே வருகிறது என்றால் அவர் உங்கள் நிரலையே எடுத்திருக்க வேண்டும். அது பதிப்புரிமை மீறல்; கணினி நிரல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. அந்த ஒரு விடுபட்ட ஒற்றெழுத்து உங்களுக்கு நல்ல சாட்சி. அவரைப் பொறுத்தவரை காப்புரிமையை வெளியே எடுக்கவே தேவையில்லை. இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், உங்கள் மனம் ஒப்பிய ஒரே வழக்குக்கு இந்தக் காப்புரிமை அவசியமே இல்லை என்பதுதான். அது அவசியமாகும் இடங்கள் எல்லாம் உங்கள் மனம் தயங்கும் இடங்கள்.

பதிப்புரிமையில் பார்த்து எழுதினால்தான் குற்றம். தானாக எழுதியவருக்குத் தப்பிக்க வழி உண்டு. காப்புரிமையில் அந்த வழி இல்லை. உங்கள் விண்ணப்பத் தேதிக்குப் பிறகு ஒருவர் தன் அறிவால் அதே முறைக்கு வந்தாலும் அது மீறல்தான். காப்புரிமைச் சட்டத்தின் 48ஆவது பிரிவின்படி, காப்புரிமை பெற்ற முறையைப் பயன்படுத்துவதே மீறல் என்பதால் மண்டிக்காரரும் அதற்குள் வருகிறார். காப்புரிமை இருப்பது தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்று நிரூபித்தால் 111ஆவது பிரிவின்படி அவரிடமிருந்து இழப்பீடு வாங்க முடியாது என்பது ஓர் ஆறுதல். ஆனால் அதை நிரூபிக்க அவர் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். வரமாட்டார் என்பதில்தான் பெங்களூர் நண்பரின் கணக்கே நிற்கிறது.

தேடாமல் இருந்தது பிழை என்று பொறியாளர் ஐயா சொல்வதை ஸ்பார்க் பிளக்குக்கு ஏற்றுக்கொள்வேன். இன்ஜினில் ஒரு பாகத்துக்குப் பெயர் உண்டு; அந்தப் பெயரால் தேடலாம். மென்பொருளில் ஒரே முறையை ஒருவர் "சமநிலைப் பகிர்வு" என்றும் இன்னொருவர் "சுமை நகர்வு வடிவம்" என்றும் எழுதுவார். எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது? நம் காப்புரிமைச் சட்டம் 3(கே) பிரிவில் கணினி நிரல் மட்டுமேயாக உள்ளதையும் அல்காரிதத்தையும் (கணக்கிடும் படிமுறையையும்) கண்டுபிடிப்பு அல்ல என்று விலக்கிவைத்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2004 டிசம்பரில் அவசரச் சட்டம் மூலம் அந்த விலக்கைத் தளர்த்தப் பார்த்தார்கள். 2005இல் நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. அதே 2005 ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் மென்பொருள் காப்புரிமை குறித்த வரைவை 648க்கு 14 என்ற வாக்கில் நிராகரித்தது. உங்கள் காப்புரிமை லோடு செல்லுடன் சேர்ந்து வந்ததால் தப்பியது; எதிர்த் தரப்பில் யாராவது துணிந்து 64ஆவது பிரிவின்படி ரத்துக் கோரினால் வழக்கு நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும், அப்போது அது நிற்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மதுரையைச் சேர்ந்த ஒருவர் இரண்டு சிம் கார்டு கைப்பேசிக்குக் காப்புரிமை பெற்று, அதைக் காட்டி 2009 வாக்கில் சுங்கத் துறை மூலம் இறக்குமதியையே நிறுத்திவைத்ததும், 2012இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்ததும் நினைவிருக்கலாம்.

மிரட்டல் நோட்டீஸுக்கும் சட்டம் இருக்கிறது. பென்னாகரத்து நண்பர் அன்று 106ஆவது பிரிவைத் தெரிந்து வைத்திருக்கலாம்: ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் விடுத்தவர் மீது, மிரட்டப்பட்டவரே வழக்குத் தொடுக்கலாம். "எங்களிடம் இப்படியொரு காப்புரிமை இருக்கிறது" என்று தெரிவிப்பது மட்டும் மிரட்டல் ஆகாது. ஏழு நாளில் மூன்று லட்சம் என்பது வேறு. அமெரிக்காவில் எம்.பி.எச்.ஜே. என்ற நிறுவனம், ஆவணத்தை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பும் சிறு அலுவலகங்களுக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் அனுப்பி, ஊழியர் ஒருவருக்கு ஏறத்தாழ 1,000 டாலர் வீதம் கேட்டது. ஸ்கேனர் செய்தவரைக் கேட்கவில்லை, வாங்கியவர்களைக் கேட்டது என்பதைக் கவனியுங்கள். 2013இல் வெர்மான்ட் மாநிலத்தின் அரசு வழக்கறிஞரே அந்த நிறுவனத்தின் மீது நுகர்வோர் சட்டத்தில் வழக்குத் தொடுத்தார்.

குத்தகை உவமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குத்தகைக்கு எடுத்தவர் நிலத்தில் பயிர் செய்வார். இங்கே வாங்குபவர் எடை மேடையே வைக்கப்போவதில்லை. நம் சட்டம் காப்புரிமை பெற்றவர் அதை இந்தியாவில் செயல்படுத்துகிறாரா என்று படிவம் 27இல் அறிக்கை கேட்பதும், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பிறர் கட்டாய உரிமம் கோர 84ஆவது பிரிவில் வழி வைத்திருப்பதும், வேலி போட்டு வைத்திருப்பது மட்டும் போதாது என்ற எண்ணத்தில்தான்.

விற்பதற்கும் வழக்குப் போடுவதற்கும் வேறுபாடு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. நீங்களே போட்டால் யாரை விடுவது என்று ஒவ்வொரு முறையும் நீங்கள் முடிவெடுக்கலாம். எழுதிக்கொடுத்துப் பதிவு செய்துவிட்டால் அந்த நாற்பத்தொரு பெயர்களில் உங்கள் சித்தப்பா மண்டி இருந்தாலும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. விற்றே தீர வேண்டும் என்றால், பயன்படுத்துவோர் மீது வழக்கு இல்லை, எந்தக் கோரிக்கை எவ்வாறு மீறப்பட்டது என்ற விளக்கமில்லாமல் நோட்டீஸ் இல்லை என்ற இரண்டு நிபந்தனைகளையாவது ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள்.

பதில் 4: பென்னாகரத்தான்

வழக்கறிஞர் ஐயாவுக்கு நன்றி. நேற்று என் பதிலை எழுதிய பிறகு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது.

2017இல் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு எடை போடும் ஒரு மேடையில், காலையில் போட்ட எடையும் மாலையில் போட்ட எடையும் ஒத்துவரவில்லை என்று அழைத்தார்கள். மழையில் சேறு கட்டி ஒரு மூலை சரியாக இறங்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க டிஜிட்டல் லோடு செல்களைத் தனித்தனியே படித்து ஒப்பிடும் சிறு நிரல் எழுதினேன். பிறகு அதே நிரல் வண்டி முழுவதுமாக மேடையில் நிற்கிறதா என்பதையும் காட்டும் என்று தெரிந்தது. அதையும் சேர்த்து இப்போது ஆறு இடங்களில் கொடுத்திருக்கிறேன். உங்களுடைய மென்பொருளை நான் பார்த்ததே இல்லை, எடைமேடைக்காரர் ஐயா. ஆனால் நீங்கள் விவரித்ததைப் படித்தபோது என் நிரலையே படிப்பது போல இருந்தது. காப்புரிமை எண்ணைத் தெரிவித்தால் உரிமைக் கோரிக்கைகளைப் படித்துப் பார்ப்பேன். மீறல் என்றால் நிறுத்திவிடவும் தயார், அல்லது நியாயமான உரிமத் தொகை கொடுக்கவும் தயார். பதினான்கு பக்க உறை மட்டும் இன்னொரு முறை வேண்டாம்.

பதில் 5: எடைமேடைக்காரன், காவேரிப்பட்டணம்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பொறியாளர் ஐயா சொன்னது எனக்குத் தைரியம் கொடுத்தது என்பதை மறுக்க மாட்டேன். ஸ்டாக் நிறுவனத்தின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் என் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் இல்லை.

வழக்கறிஞர் ஐயா சொன்ன இரண்டு நிபந்தனைகளையும் பெங்களூர் நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னேன். பயன்படுத்துவோரை விட்டுவிட்டால் நாற்பத்தொன்று பதினொன்றாகச் சுருங்கிவிடும், பிறகு பதினெட்டு லட்சம் கட்டுப்படியாகாது, ஆறு வேண்டுமானால் தரலாம் என்றார். விளக்கத்துடன் நோட்டீஸ் என்றதற்கு, ஒவ்வொன்றுக்கும் பொறியாளரை வைத்து எழுத முடியாது என்று சிரித்தார். முப்பது மண்டிக்காரர்களின் விலை பன்னிரண்டு லட்சம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடன் அப்படியேதான் இருக்கிறது. சேலத்துக்காரருக்குப் பதிப்புரிமை நோட்டீஸ் தயாராகிறது; பழைய பதிப்பின் நகலைத் தேடி எடுத்துவிட்டேன்.

பென்னாகரத்து நண்பரே, பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தப் பதினொன்றில் பென்னாகரம் முகவரியோடு ஒரு பெயர் இருக்கிறது. நீங்களாகத்தான் இருக்க வேண்டும். காப்புரிமை எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். உங்களுடைய முறை மூலைகளை ஒப்பிடுகிறது, என்னுடையது வண்டி ஏறும்போது எடை நகர்வதைப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றா என்று காகிதத்தைப் பார்த்து எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு காவேரிப்பட்டணம் வாருங்கள். சீசன் முடிந்துவிட்டதால் தொழிற்சாலை மேடை சும்மாதான் கிடக்கிறது. ஒரு லாரிக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன். பின் சக்கரத்தைச் சரிவில் நிறுத்திப் பார்ப்போம், யாருடைய நிரல் முதலில் கண்டுபிடிக்கிறது என்று.